வெள்ளிக்கிழமைத் தவறுகள்

பெர்லா ஹினோலான் பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பிக்கிறார். எந்தப் பயிற்சி வகுப்பையும் அவர் தவறவிட்டதில்லை. இணையவழி என்றால் கேமராவை அணைத்துவிட்டு விடைத்தாள் திருத்துவார். முடிவில் கருத்துப் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் வந்துவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சான்றிதழுக்குப் புள்ளி, புள்ளிக்குப் பதவி.

இந்த ஆண்டு துறையில் இணைப் பேராசிரியர் இடம் ஒன்றுதான். ஜோவலின் சுமாகைசாயைவிட பெர்லா மூன்று புள்ளி முன்னால் இருந்தார்.

ஜோவலின் வேலைக்குச் சேர்ந்து ஐந்து ஆண்டுதான் ஆகிறது. சான்றிதழும் அதிகமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் அவள் வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது. மாணவர்கள் தாங்கள் தப்பாகப் போட்ட கணக்குகளோடு வருவார்கள். முதலில் ஜோவலின் தன்னுடைய தப்பு ஒன்றைப் பலகையில் எழுதுவாள். எங்கே சறுக்கியது என்று எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். பெர்லாவின் மாணவர்களும் பான்சிட் நூடுல்ஸ் டப்பாவோடு அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

அங்கிருந்து எழும் சிரிப்பைக் கேட்டபடி பெர்லா தாழ்வாரத்தில் மெதுவாக நடப்பார். பொறாமைப்படுகிறவரைவிடக் கவனமாகப் பார்ப்பவர் கிடையாது. மூன்றே வாரத்தில் அந்த முறை அவருக்கு மனப்பாடம். பிறகு யாருக்கும் சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, தன் வகுப்பிலும் செய்து பார்த்தார். பருவத் தேர்வில் தோற்றவர்கள் பத்தொன்பதிலிருந்து ஏழாகக் குறைந்தார்கள். அது அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை.

பதவிக்கு விண்ணப்பிக்க இரண்டு நாள் மிச்சமிருக்கையில் ஜோவலின் ஆசிரியர் அறைக்கு ஒரு தாளோடு வந்தாள்.

"மேடம், புது முயற்சிக்கு அஞ்சு புள்ளி தர்றாங்க. ஆனா அதே பாடம் எடுக்கிற இன்னொருத்தர் செஞ்சு பாத்ததா கையெழுத்து போடணுமாம்."

"அதே பாடம் எடுக்கிறது நானும் நீயும்தான்."

"அதான் வந்தேன்."

"நான் செஞ்சேன்னு யாரு சொன்னா?"

"பசங்கதான். நீங்க போட்ட தப்பு என்னோடதைவிடப் பெருசாம்."

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சக ஆசிரியர் ருஃபினோ தலையைத் தூக்கவில்லை. "தப்புலயும் சீனியர்தான் போல."

"நீங்க உங்க சோத்தைப் பாருங்க, சார்" என்றார் பெர்லா.

பெர்லா தாளை இருமுறை படித்தார். கையெழுத்திட்டால் இடம் போய்விடும். மறுத்தால் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. ஜோவலினும் கேட்கமாட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பார்.

"எவ்வளவு பயன்னு ஒரு கட்டம் இருக்கே. என்ன எழுத?"

"உங்களுக்குத் தோணுறது மேடம்."

தோற்றவர்கள் முன்பு பத்தொன்பது, இப்போது ஏழு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"இதுக்கு மேல பாராட்டி ஒரு வார்த்தை கேக்காத."

"இதுவே போதும் மேடம்."

அவள் போன பின்னும் பெர்லாவுக்கு நெஞ்சு ஆறவில்லை. எழுதிய எண் உண்மை என்பதும், அதற்கான யோசனை தன்னுடையதல்ல என்பதும் மாறிமாறிக் குத்தின. பேனாவை மூடினார். அடுத்த வகுப்பில் எந்தத் தப்பைச் செய்வது என்று யோசிக்கத் தொடங்கினார். இந்த முறை ஜோவலின் நினைத்தே பார்த்திராத ஒன்றாக அது இருக்க வேண்டும்.