பழியெல்லாம் தோலுக்கு

முதல் தடிப்பு என் இடது மணிக்கட்டில் வந்தது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோல்களைத் தரம் பிரிப்பது என் வேலை. அன்று காலை முதல் கட்டை அவிழ்த்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கொசு கடித்தது போல ஒரு சிவப்பு. சொறியச் சொறிய அது தோள் வரை ஏறியது. மாலையில் பார்த்தால் ஒரு சுவடும் இல்லை.

இதற்கு நம் ஊர்களில் காணாக்கடி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டதாம். பெயர் வைத்தவருக்குக் காரணம் தெரியவில்லை, தெரியவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பிறகு அது அடிக்கடி வர ஆரம்பித்தது. சில நாள் உதடும் சேர்ந்து வீங்கும். எப்போதும் வேலைக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில்தான் வரும். தமிழில் ஆட்டுக்கும் தோல், மனிதருக்கும் தோல். தோல் கம்பெனிக்காரிக்குத் தோலில் வியாதி என்றால் விசாரணை எதற்கு? கெமிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை. தோல் பதனிடும் ரசாயனங்களால் தொடர்புத் தோல் அழற்சி (ஒத்துக்கொள்ளாத பொருள் பட்ட இடத்தில் வரும் புண்) வருகிறவர்கள் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பட்ட இடத்தில் வந்து நாள்கணக்கில் நிற்கும். எனக்கு வயிற்றிலும் முதுகிலும் வந்து, பொழுது சாய்வதற்குள் மறைந்தது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

மேனேஜர் நல்ல மனிதர். என்னை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார். "அங்க தோல தொட வேண்டியதில்லம்மா" என்றார். தோலில் விரலை ஓட்டி, இது முள் கீறியது, இது உண்ணி கடித்தது என்று சொல்லக்கூடியவள் நான். என்னைக் கொண்டுபோய் அட்டைப்பெட்டி மடிக்க வைத்தால் எப்படி இருக்கும்? அந்த எரிச்சல் எந்தத் தடிப்பிலும் எனக்கு வந்ததில்லை. என் மேசைக்குத் திரும்ப வேண்டும் என்பது தவிர வேறு ஆசை இல்லை.

பேக்கிங்கிலும் வந்தது. "காத்துல கலந்து வருது" என்றார்கள்.

வீட்டில் என் மாமியார் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டார். கரப்பான் பண்டம் (அரிப்பைக் கிளப்பும் என்று நம்பப்படும் உணவு) எதுவும் கூடாது என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை, இறால் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஆம்பூரில் இருந்துகொண்டு கத்தரிக்காய் இல்லாமல் பிரியாணி தின்பதெல்லாம் ஒரு பிழைப்பா? நான் இளைத்தேன், தடிப்பு இளைக்கவில்லை. என் கணவர் சேகர் தன் பங்குக்கு, "எனக்குந்தான் பால் குடிச்சா வயிறு ஊதுது, எனக்கும் அலர்ஜிதான்" என்று கூட்டுச் சேர்ந்தார்.

கடைசியில் நானே மேனேஜரிடம் ஒரு பேரம் பேசினேன். "ஒரு மாசம் லீவு குடுங்க சார். வீட்ல இருக்கறப்ப வரலன்னா தோல்தான் காரணம். நானே நின்னுக்கறேன்."

லீவில் ஒரு தடிப்புகூட வரவில்லை. நாள் நெருங்க நெருங்க, வந்து தொலையேன் என்று வேண்டிக்கொண்டேன். நோய் வரவேண்டும் என்று சாமி கும்பிட்ட நோயாளி நான்.

அந்த மாதக் கடைசியில் சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போனோம். மலையடிவார ஹோட்டலில் பூரி சாப்பிட்டுவிட்டுப் படி ஏறினோம். பாதி மலைகூட ஏறவில்லை, உள்ளங்கை அரித்தது, முகம் கனத்தது, தொண்டை இறுகியது. தோல் வாடையே இல்லாத மலையில் அது வந்திருந்தது. "வந்துடுச்சுங்க" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதாக சேகர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார். அதற்குப் பிறகு எனக்குக் கண் இருட்டிவிட்டது.

கீழே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் தொடையில் போட்ட அட்ரினலின் ஊசி என்னை மீட்டது. மூச்சு திரும்பியபோது பயந்து அழுதேன். அதுவரை இது அரிப்பு என்றே நினைத்திருந்தேன், உயிரையும் எடுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு வேலூரில் ஒவ்வாமை மருத்துவரிடம் அனுப்பினார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லோரையும் போல அவரும் கேட்டார். பூரி என்றேன்.

"சாப்ட்டதுக்கு அப்புறம் இன்னா செஞ்சீங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மலை ஏறினேன் என்றேன். கம்பெனி நாட்களைப் பற்றிக் கேட்டார். சேகருக்குச் சர்க்கரை, ராத்திரி வீட்டில் சப்பாத்தி. மிஞ்சியதைக் காலையில் வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

"ராத்திரி அதே சப்பாத்திதான் டாக்டர், ஒண்ணும் ஆவலியே?"

"ராத்திரி சாப்ட்டுட்டு எங்கம்மா ஓடுனீங்க? படுத்துட்டீங்க."

லீவில் ஏன் வரவில்லை என்பதும் அப்போதே விளங்கியது. ரத்தப் பரிசோதனையும் கோதுமையையே காட்டியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தோலிலும் குடலிலும் மாஸ்ட் செல்கள் (உடம்பின் காவல் அணுக்கள்) இருக்கின்றன. எதிரி என்று நினைத்தால் அவை ஹிஸ்டமினை (தடிப்பு, அரிப்பு, வீக்கம் உண்டாக்கும் வேதிப்பொருள்) கொட்டும். என் உடம்பில் கோதுமை மட்டும் போனால் அவை பொறுத்துக்கொள்ளும், ஓட்டமும் சேர்ந்தால் பொறுக்காது. அளவு மீறினால் அது அனஃபிலாக்சிஸ் (உடம்பு முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமை). சில வலி மாத்திரைகளும் இதைத் தூண்டிவிடுமாம். சேகருடையது ஒவ்வாமையே அல்ல, பாலின் சர்க்கரை செரிக்காத சகிப்பின்மை. வயிற்றைப் படுத்தும், உயிரை எடுக்காது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இதே அவதியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாரோ சொன்னார்கள் என்று எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட்டதை மட்டுமல்ல, அதன்பின் செய்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தடிப்போடு மூச்சு இறுகினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கோதுமையை நிறுத்தினேன். ஊசி மருந்து என் பையில் இருக்கிறது, போடுவதற்கு சேகரும் பழகிக்கொண்டார். கட்டிப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால், எதைச் சாப்பிட்டாலும் உடனே ஓடக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. கத்தரிக்காய் திரும்பி வந்துவிட்டது.

டாக்டர் சொன்னதைக் கேட்டு மேனேஜர் நம்பாமல் சிரித்தார். ஆனாலும் மேசையைத் திருப்பிக் கொடுத்தார். முதல் நாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சீக்கிரம் வாம்மா, சரக்கு நிக்குது."

"நடந்து வர்றேன் சார்."

இத்தனை வருடங்களில் அந்தக் கூடத்தை நான் நடந்து கடந்ததே இல்லை. இந்த முறை மூச்சு வாங்காமல், கால் பாவும் இடமெல்லாம் தெரிய நடந்தேன். நான் போய்ச் சேரும்வரை அவர் காத்திருந்தார், மேசைமேல் தோலும் காத்திருந்தது. நான் ஓடிய நாட்களிலும் தோல் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.