குளிர்ப்பெட்டியின் பின்பக்கம்

போரில் மின்சாரம் நின்ற பின் வந்த இரண்டாவது மாரி அது. வட்டுக்கோட்டைப் பக்கம், ஆட்கள் விட்டுப்போன வீடொன்றில் தாய்மாருக்கான கிளினிக் நடந்தது. என் மகனுக்கு நான்கு மாதம். இரண்டாவது முறை போலியோச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டிய நாள் தாண்டியிருந்தது. மருந்து வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மழையோடு போனேன்.

அந்த மருந்து குளிரில் இருந்தால்தான் மருந்து. அதற்காக உள்ளறையில் மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. அடியில் ஒரு திரி எரியும், பெட்டிக்குள் குளிரும். உள்ளே இருந்த சூடும் திரியின் சூடும் பின்பக்கக் கம்பிகளால் அறைக்குள் வந்துகொண்டிருக்கும். குடும்பநல மாது காலையில் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவிட்டு, முன்னறையில் பிள்ளைகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்.

விறாந்தைக்குள் சாரல் அடித்தது. ஒருவர் பின் ஒருவராக உள்ளறைக்குள் ஒதுங்கினோம். யாரோ யன்னலைச் சாத்தினார்கள். இருபது தாய்மார் இருந்திருப்போம், பிள்ளைகளோடும் ஈரக் குடைகளோடும். நான் பெட்டியின் பின்னால் போய் நின்றேன். அங்கே இதமாக இருந்தது. மகனைச் சுற்றியிருந்த துவாய் நனைந்திருந்தது. அதை அந்தக் கம்பிகளின் மேல் விரித்தேன். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்கள் துணிகளைப் போட்டார்கள்.

காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பெண் ஒருத்தி, தங்கள் ஊர்ச் சிமெந்துத் தொழிற்சாலையின் சூட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். "இப்ப லைற் இல்லை, பஸ் இல்லை, பக்டரியும் இல்லை," என்றாள். "உலகம் சூடாகுதெண்டு ஒருத்தரும் எங்களிலை பழி போடேலாது." சிலர் சிரித்தார்கள்.

எனக்கு உயர்தர வகுப்பில் எழுதிய விடை ஒன்று நினைவுக்கு வந்தது. மனிதர் எரிப்பதெல்லாம் கடைசியில் வெப்பமாகிறது. அந்த வெப்பமே பூமியைச் சூடாக்கிவிடும் என்று எழுதியிருந்தேன். பிழை போட்டிருந்தார்கள். சூரியன் தருவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. எரிக்கும்போது வரும் காபனீரொட்சைட்டு மேலே சேர்ந்து, பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் மறிப்பதுதான் பெரிது என்று பக்கத்தில் சிவப்பு மையில் இருந்தது.

அதை நினைத்தபடி கம்பிகளைப் பார்த்தேன். மூன்று துணிகள். சாத்திய யன்னல். இத்தனை உடம்புகள். பூமிக்குப் பொருட்டில்லாத சூடு இந்த அறைக்குப் போதும். பெட்டி தன் சூட்டை விட இடமில்லாமல் நின்றது.

துவாயை எடுத்தேன். அது காய்ந்திருந்தது. அவ்வளவு நேரம் போயிருக்கிறது. மற்ற இரண்டு துணிகளையும் எடுத்து உரியவர்களிடம் கொடுத்தேன். இனிப் பின்னேரம்தான் வெப்பமானியைப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் சொட்டு விழும். அது பழுதாகியிருந்தால் எங்கள் பிள்ளைகள் நோய்க்காப்பில்லாமல் இருக்க, காப்போடு இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருப்போம். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குத் தெரியவில்லை. குடும்பநல மாது மருந்தெடுக்க வந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"மிஸி, ஒருக்கால் உள்ளுக்கு எவ்வளவு எண்டு பாருங்கோ. பின்னாலை ஈரத்துணி போட்டனாங்கள். முதல் போட்டது நான்."

கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே சூடு மருந்து தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது. கதவை மூடினார்.

"நீர் படிச்ச ஆளெல்லே, பிள்ளை," என்றார். ஏசவில்லை. சந்தேகத்தோடு கொடுக்க முடியாது என்று சொல்லி எல்லோரையும் அனுப்பினார். அடுத்த மருந்துப் பெட்டி கடல்நீரேரிக்கு அப்பாலிருந்து ஐஸோடு வரவேண்டும். எப்போது என்று அவருக்கும் தெரியாது.

படலையடியில் காங்கேசன்துறைப் பெண் என்னைக் கடந்துபோனாள். "சொல்லாமல் இருந்திருக்கலாம், அக்கா," என்றாள். நான் துவாயை மகனின் தலைக்கு மேல் இழுத்து மூடினேன்.

அதன் பிறகு மகனைக் குளிக்க வார்க்கும் போதெல்லாம், கால் அசைகிறதா என்று உள்ளங்காலைச் சுரண்டிப் பார்ப்பேன். உதைப்பான். மற்றக் காலையும் சுரண்டுவேன். துடைத்த பின் மறுபடியும்.

ஆறு கிழமைக்குப் பின் மருந்து வந்தது. அன்றும் தூறல். உள்ளறை யன்னல் திறந்திருந்தது. நான் விறாந்தையில், சாரல் படும் மர வாங்கில் இருந்தேன். பக்கத்தில் காங்கேசன்துறைப் பெண்ணும் வந்து இருந்தாள். இரண்டு சொட்டு. மகன் முகத்தைச் சுளித்து விழுங்கினான்.

அன்று பின்னேரமும் காலைச் சுரண்டினேன்.