அம்மாவுக்கு வாங்கிய காற்று வடிகட்டி

போன வருடம் சம்பா அறுவடையில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் தஞ்சாவூரில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கொண்டுபோய்ச் சேர்த்தது எதிர்வீட்டு அத்தை. நான் பஸ் பிடித்துப் போவதற்குள் அம்மா முகத்தில் மருந்து ஆவி பிடிக்கும் மூடியோடு உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தடவை இந்த அளவுக்கு விட்டுடாதீங்க. புகை, தூசி ரெண்டும் ஆகாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். கொண்டுவந்து சேர்த்துக் கூடவே இருந்த அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்விட்டார்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். தெருவுக்கு மேற்கே அரிசி ஆலை. உமியை எரித்துத்தான் அங்கே நெல்லை அவிப்பார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் துணியெல்லாம் கறுப்புப் பொட்டு. தை பிறந்து அறுப்பு மெஷின் வயலில் இறங்கினால் சுணை பறக்கும். நெல்லின் மேலிருக்கும் அந்தப் பொடி முடி பட்ட இடமெல்லாம் அரிக்கும். அறுவடை முடிந்தால் சிலர் மிச்சத் தாளுக்கு நெருப்பு வைப்பார்கள். அந்த ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் அம்மா தப்பித்தாள்.

அதனால் இந்த வருடம் பொங்கலுக்கு முன்பே காற்று வடிகட்டி வாங்க முடிவு செய்தேன். செல்போனில் எங்கள் ஊர்க் காற்று 'நன்று' என்று பச்சையில் தெரிந்தது. அளக்கும் கருவி எங்கோ தொலைவில் இருக்கிறது. அந்த ஊர்க் காற்றையே எங்களுக்கும் எழுதிவிட்டார்கள். நான் வேதியியல் படித்தவள். நான்கு வெள்ளைத் தட்டுகளில் விளக்கெண்ணெய் தடவி வாசல், கொல்லை, ஜன்னல், அம்மாவின் கட்டிலடி என்று ஒரு நாள் முழுக்க வைத்தேன்.

"இவ்வளவு படிச்சுட்டு வந்து தட்டுக்கு எண்ணெய் தேச்சுவிடுறா" என்று அம்மா சிரித்தாள்.

மறுநாள் தட்டுகளில் உமிச் சாம்பல் செதில்செதிலாக ஒட்டியிருந்தது. கிழக்கே முதல் வயல் அறுபட்டதால் சுணையும் இருந்தது. புகையின் நுண்தூள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதுதான் நெஞ்சின் அடிவரை போவது.

தஞ்சாவூர்க் கடைக்காரர், நாற்றம் போக்கும் கரித்தட்டு வைத்த ஒன்றைக் காட்டினார். "எந்த ஊரும்மா? குடவாசல் பக்கமா? அங்கெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்குமே, உங்களுக்கு எதுக்கு இது?"

"பச்சையா இருக்கிறது வயல்ங்க. காத்து இல்லை."

எனக்கு வேண்டியது என்ன என்று தெரிந்துதான் போயிருந்தேன். முன்பக்கம் கழற்றி அலசும் வலை, இல்லையென்றால் சாம்பலும் சுணையும் நாலு நாளில் அடைத்துவிடும். அதற்குப் பின்னால் நுண்தூளைப் பிடிக்கும் கெட்டியான மடிப்புத்தாள். எங்களுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. சுவரின் மேலே காற்றுத் துவாரங்கள் உண்டு என்பதால் அறைக்கு வேண்டியதைவிட ஒரு அளவு பெரியதாக எடுத்தேன்.

"கதவு ஜன்னலைச் சாத்தி வச்சாத்தான் வேலை செய்யும்" என்றார் கடைக்காரர். "தொறந்து வச்சா ஊர்க் காத்து மொத்தத்தையும் சுத்தம் பண்ணப் பாக்கும்."

"சாத்திக்கிறோம்" என்றேன்.

கல்லூரியில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். துவாரங்களைப் பழைய சேலைத் துணியால் அடைத்தேன். கதவைச் சாத்தினேன். எங்கள் தெருவில் பகலில் கதவு சாத்தியிருந்தால் ஒன்று வீட்டில் ஆளில்லை, இல்லையென்றால் தெருவோடு சண்டை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்தாள்.

"உங்கப்பாதானேம்மா இந்த மனையில மொதல்ல கதவு போட்டாரு?" என்றேன். அதற்கு முன்பு தெரு மொத்தமும் பண்ணை நிலத்தில் இருந்தது. குடிசைக்கு மறைப்பாக ஒரு ஓலைப் படல்தான். விடியும்போது பண்ணையின் ஆள் அதைத் தடியால் தள்ளி வேலைக்குக் கூப்பிடுவான். போராடி, மனைக்குப் பட்டா கிடைத்த பிறகு அம்மாவின் அப்பா செய்த முதல் காரியம் மரக்கதவு. "சாத்தத்தானே போட்டாரு?"

"பண்ணை ஆளுக்குச் சாத்தினோம். தெருவுக்கா சாத்துறது?" என்றாள் அம்மா.

இரண்டாம் நாள் மத்தியானம் "அண்ணி" என்று குரல் கேட்டது. கதவை ஒரு சாண் திறந்தேன். எதிர்வீட்டு அத்தை கையில் மீன்குழம்புக் கிண்ணத்தோடு நின்றார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார். சேலை முழுக்கச் சுணை, தலையில் வைக்கோல்.

"என்னடி, ஆத்தாளை அடைகாக்குறியா?"

"சேலையை உதறிட்டு உள்ள வாங்க அத்தை" என்றேன்.

நான் நினைத்தது சுணையைத்தான். அத்தை என்னைப் பார்த்தார். கிண்ணத்தை வாசற்படியில் வைத்தார். தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அவ சின்ன வயசுல பண்ணை வீட்டு வாசல்ல நின்னு இதே பேச்சைக் கேட்டவ, தெரியுமா ஒனக்கு?" என்றாள். குழம்பைத் தொடவில்லை.

இயந்திரம் தன் வேலையைச் செய்தது. அம்மாவின் மூச்சில் விசில் இல்லை. மாடிப்படி ஏறியவள் போல் வாங்கும் இரைப்பும் இல்லை. காற்று சுத்தம் என்று காட்டும் பச்சை விளக்கு அதில் எரிய, நாங்கள் இரண்டு பேரும் சுத்தமான காற்றில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வேறு யாரும் கூப்பிடவில்லை. தஞ்சாவூரில் என் வாடகை அறையும் இப்படித்தான் இருக்கும். நான் அதற்குப் பழகிவிட்டவள். அம்மா பழகியவள் இல்லை.

ஐந்தாம் நாள் வெற்றிலைத்தட்டும் குங்குமமும் ஏந்தி நாலைந்து பெண்கள் வீடு வீடாக வருவதை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அத்தையின் பேத்தி வயதுக்கு வந்திருந்தாள், சடங்குக்கு அழைக்கிறார்கள். அம்மா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. அடுத்து, எங்களைத் தாண்டி அதற்கும் அடுத்த வீட்டில் கேட்டது.

அம்மா அழவில்லை. "மூச்சு முட்டினா ஆஸ்பத்திரி இருக்கு. இதுக்கு நான் எங்க போவேன்?" என்று மட்டும் கேட்டாள். போய் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துக் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அவளுக்கு இருமல் தொடங்கிவிட்டது.

எனக்கு யாரிடமும் போய் நின்று பழக்கமில்லை. படிப்பு முழுவதும் அப்படி நிற்காமலேயே முடித்தேன் என்ற கர்வம் உண்டு. அலசாத வலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அத்தை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது அஞ்சு நாள் தூசி."

ஈரக்கையைத் துடைத்துவிட்டு, வலையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது ஆலைச் சாம்பல். இது நம்ம சுணை. இவ்வளவுமா உள்ள போவுது?"

"ஆமா."

"நாங்களும் இங்கதான இருக்கோம். எங்க நெஞ்சைக் கழட்டி எங்கடி அலசுறது?"

வலையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது தப்பு அத்தை."

"தப்புத்தான்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அண்ணி இருமுற சத்தம் கேக்குது. போய்க் கதவைச் சாத்து."

மறுநாள் காலை தட்டோடு தனியாக வந்தார். வாசற்படியில் நின்று, தெருவே பார்க்கும்படி சேலையைப் படபடவென்று உதறினார். "போதுங்களா டீச்சரம்மா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே போய் அம்மாவின் கையில் வெற்றிலை வைத்துச் சடங்குக்கு அழைத்தார்.

அன்றிலிருந்து மத்தியானங்களில் அத்தை வருவார், கூட இரண்டு மூன்று பெண்கள். உதறிவிட்டு உள்ளே போய், அவர்களே கதவைச் சாத்திக்கொள்வார்கள். அத்தனை பேர் நுழைந்ததில் விளக்கு சிவப்பாகி, வெகுநேரம் கழித்துப் பச்சையாகும். அந்தச் சின்ன அறையில் எனக்கு இடமில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும் என்பதும் தெரிந்துபோயிற்று. வாசற்படியில் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு விடைத்தாள் திருத்தினேன். ஆலைப் பக்கமிருந்து காற்று வீசியது. உள்ளே அம்மா இருமலில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த அறுவடையில் அவள் ஆஸ்பத்திரி பக்கம் போகவில்லை. விடுப்பு முடிந்து நான் தஞ்சாவூர் திரும்பினேன். தினமும் சாயங்காலம் அறைக்கு வந்ததும் அம்மாவுக்கு போன் செய்வேன்.

"வலையை அலசினியாம்மா?"

"அத்தை அலசிட்டா. நீ சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"சரி, வைக்கிறேன். ஆளுங்க இருக்காங்க."

வைத்துவிடுவாள். நான் எழுந்து விளக்கைப் போடுவேன்.