பதினாலு ஜாக்கிகளும் ஒரு கதவும்

மார்ச் 4. நகராட்சி அறிவிப்பு. ஜூன் 30க்குள் இடம் காலி.
மார்ச் 23. முதல் வசூல், 41,250.
ஏப்ரல் 2. இரும்பு உத்திரம் ஆறு, வாடகை, 18,000.
ஏப்ரல் 11. திருகு ஜாக்கி பதினாலு, இரவல். செலவு இல்லை.
ஏப்ரல் 26. மரக்கட்டை 320, 9,600.
மே 26. செயற்கைக் கால் ஒன்று, 22,000.

கடைசி வரி எப்படி வந்தது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் தங்கை கணவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அவர் பஸ் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். ஊரில் அவருக்கு ‘இன்னொருதடவை’ என்று பெயர். எதைச் செய்தாலும் “இன்னொரு தடவை பாத்துடலாம்” என்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து திரும்பிப் போவார். “கேஸை மூடுவாரு. மூடினதைத் தொட்டுப் பாப்பாரு. தொட்ட கையை நம்பாம மறுபடி போவாரு. இவரோட வெளியூர் கிளம்பினா ரெண்டாவது பஸ்ஸுதான்” என்று என் தங்கை சொல்லுவாள். என் மனைவி போன பிறகு நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். ராத்திரி மாடிக் கதவை அவர் வந்து இழுத்துப் பார்க்கும் சத்தம் பதினோரு வருஷமாக எனக்குப் பழக்கம்.

அவர் பிறவியிலேயே பயந்தவர் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பணிமனையில் அவர் தூக்கி நிறுத்திய பஸ்ஸின் ஜாக்கி நழுவியது. அடியில் படுத்து வேலை செய்த கூட்டாளிக்கு இடது பாதம் போயிற்று. விசாரணை நடந்தது. ஜாக்கியின் திருகு தேய்ந்திருந்தது, ஃபிட்டர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஓய்வு பெறும் வரை உதிரி பாகம் கொடுக்கும் ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தார். ஜாக்கியைத் தொடவில்லை.

பாதத்தை இழந்தவரை ஊரில் டீசல் என்று கூப்பிடுவார்கள். எத்தனை முறை குளித்தாலும் போகாத அந்த வாசனைக்காக வந்த பெயர். இருவரும் தினமும் மாலை ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அந்த விபத்தைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

இனி கட்டடம். எங்கள் படிப்பகத்தை 1934இல் ஆலைத் தொழிலாளர்கள் வாராந்திர விடுமுறை நாட்களில் தாங்களே கட்டினார்கள். மரச்சட்டம், பலகைத் தரை, தகரக் கூரை. உள்ளே ஒரு நீள மேஜை, இரண்டு புத்தக அலமாரி, அறுபது மடக்கு நாற்காலி. முன்கதவு மட்டும் யாருக்கும் அடங்காது. கீழ் மூலையில் ஒரு உதை விட்டால்தான் திறக்கும். மூன்று தலைமுறைக் கால்கள் பட்டு அந்த இடம் வழவழவென்று குழிந்திருக்கும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முகவரி சொல்லும்போதே, “கதவை உதைங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க” என்று சேர்த்துச் சொல்வோம்.

புதுப் பாலத்துக்குச் சாலை அந்த இடத்தின் மேல்தான் வருகிறது. இடிக்கலாம், அல்லது நாங்களே நகர்த்திக்கொள்ளலாம் என்றது நகராட்சி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். தூரம் 410 மீட்டர். காண்ட்ராக்டர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, நாமே செய்வோம் என்று ஐம்பத்தாறு பேர் பெயர் கொடுத்தார்கள். ஐம்பத்தாறில் ஒருவருக்கும் ஜாக்கி வேலை தெரியாது.

டீசல் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நீ வர்றியா, இல்ல நான் ஒத்தக் கால்ல நின்னு தூக்கட்டுமா?”

“அதைத் தொட்டா எனக்குக் கை ஆடுதுடா.”

“ஆடுற கைதான் வேணும். ஆடாத கையோட நாலு பேரு அங்க நிக்கிறானுங்க. அவனுங்களை நம்பி யாரு அடியில போவா?”

“நீ கிட்டயே வரக் கூடாது. அப்படின்னா வர்றேன்.”

“அடியில போய் உத்திரம் பொருத்துறது படுத்துக்கிட்டே செய்ற வேலை. அது எனக்குத்தாண்டா வசதி. உங்களுக்கெல்லாம் ரெண்டு பாதம் இடிக்கும்.”

என் தங்கை சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை முகம் வெளுத்து, போகிறேன் என்று சொன்னார்.

அவர் போட்ட விதிகளை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு விசில் அடித்தால் பதினாலு ஜாக்கியும் ஒரு சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஏறியதும் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஜாக்கிக்கும் பக்கத்தில் மரக்கட்டை அடுக்கு ஏறிக்கொண்டே வர வேண்டும். ஜாக்கி நழுவினாலும் சட்டம் கட்டையில் உட்காரும். கட்டைக்கும் ஜாக்கிக்கும் ஒரு கை நீளம் இடைவெளி வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “ரெண்டையும் ஒரே மண்ணு தாங்க வேணாம்” என்றார். திருகு ஏறும்போது அடியில் ஆள் கூடாது. மூன்று விசில் அடித்தால் கேள்வி கேட்காமல் வெளியே வர வேண்டும்.

அளவு என் பொறுப்பு. நீரேற்று நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் மணிக்கொரு முறை நீர்மட்டம் எழுதியவன் நான். ஒரு மணி கூட விட்டதில்லை. ஒவ்வொரு ஜாக்கிக்கும் அருகில் ஒரு முளை அடித்து, அதில் அளவுகோலை ஆணியால் பதித்தேன். பெயர் கொடுத்தவர்களில் ஒருவரான கொத்தனார் வேறு யோசனை சொன்னார். எதிர்வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் நிரப்பிய டியூப்பை இழுத்து மட்டம் பார்க்கலாம் என்றார். தண்ணீர் மூன்று மில்லிமீட்டர் முன்னே பின்னே காட்டும். என் கோல் அப்படிக் காட்டாது.

“டியூபும் ஒரு பக்கம் இருக்கட்டுமே, மச்சான்” என்றார் என் தங்கை கணவர்.

“ரெண்டு கணக்கு வெச்சா எது சரின்னு சண்டைதான் வரும், மாப்பிள்ளை. ஒண்ணு போதும்.”

அவர் என் பேச்சைத் தட்டியதில்லை. அன்றும் தட்டவில்லை.

மே 18, ஞாயிறு. காலை ஏழு மணிக்கு எல்லா ஜன்னலுக்கும் தாழ் போட்டார். முன்கதவை உதைத்து மூடினார். விசிலை வாயில் வைத்தபோது அது பல்லில் பட்டுக் கடகடவென்று ஆடியதைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும் கேட்டேன்.

ஒரு விசில், ஒரு சென்டிமீட்டர். நான் பதினாலு முளையையும் சுற்றி வந்து எழுதுவேன். பிறகு அடுத்த விசில். மரம் முனகும்போதெல்லாம் எல்லாரும் அப்படியே நின்றார்கள். “கட்டை அடுக்கியே முதுகு போச்சு. இந்த மனுஷன் கல்யாணத்துலயும் தாலியை இன்னொரு தடவை இழுத்துப் பாத்திருப்பாரு” என்றார் கொத்தனார். பகல் 12.40க்கு நாற்பத்திரண்டாவது விசில். பதினாலு கட்டத்திலும் 42 என்று எழுதினேன். அவ்வளவு அழகான வரிசையை நான் வேலையில் இருந்தபோது கூட எழுதியதில்லை.

உயரம் போதும். திருகை நிறுத்திவிட்டு, ஆறு பேர் உத்திரங்களைப் பொருத்த அடியில் ஊர்ந்து போனார்கள். அவர்களில் டீசல் ஒருவர். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நான் முளைகளைப் பார்த்து எழுதினேன். 12.50, எல்லாம் 42. ஒரு மணி, எல்லாம் 42.

1.05க்கு முன்கதவு தானாகத் திறந்தது.

காற்று இல்லை. யாரும் தொடவில்லை. உதைத்தால் மட்டுமே திறக்கிற அந்தக் கதவு சத்தமில்லாமல், மெதுவாக, சுவர் வரை போய் நின்றது.

“பாருங்கய்யா, இத்தனை வருஷம் கழிச்சு மரியாதை கத்துக்கிச்சு. நம்மள வாங்கன்னு கூப்பிடுது” என்றார் கொத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். 

“மச்சான், ஒன்பது எவ்வளவு?”

கதவுக்கு அருகில் இருந்த மூலைதான் ஒன்பது. “நாற்பத்திரண்டு.”

“இன்னொரு தடவை பாருங்க.”

குனிந்து பார்த்தேன். “நாற்பத்திரண்டேதான், மாப்பிள்ளை. எழுதியாச்சு.”

“எழுதினது இருக்கட்டும். அந்தக் கதவு ஏன் திறந்துச்சு?”

 அவர் மூன்று விசில் அடித்தார்.

ஐந்து பேர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அடியிலிருந்து டீசலின் குரல் கேட்டது. “சாப்பாட்டுக்கா? இரு, இன்னும் ஒரு போல்ட்டுதான்.”

“வெளிய வாடா.”

“வர்றேண்டா. நிமிஷத்துல…”

வீட்டுக் கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மனிதர் தரையில் விழுந்து வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார். அவருடைய செருப்புகளின் அடிப்பக்கம் இருட்டுக்குள் மறைந்ததைப் பார்த்தேன். என் கை தானாக 1.09 என்று எழுதியது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உள்ளே இழுபடும் சத்தம். டீசல் ஏதோ திட்டும் சத்தம். முதலில் இவர் பின்பக்கமாக வெளியே வந்தார், இரண்டு கைகளாலும் டீசலின் அக்குளைப் பிடித்து இழுத்தபடி. டீசலின் தலை வந்தது, மார்பு வந்தது, இடுப்பு வந்தது. அப்போது ஒன்பதாம் ஜாக்கிக்குக் கீழே மண் உள்வாங்கியது. ஜாக்கி சாய்ந்து, பீரங்கிக் குண்டு போலக் கட்டடத்தின் அடியில் குறுக்கே பாய்ந்தது. மூலை இறங்கியது. கட்டை அடுக்கில் மேலே இருந்த இரண்டு கட்டைகள் பிளந்தன. மூன்றாவது தாங்கியது.

தூசி அடங்கியது. டீசல் தரையில் படுத்தபடியே தன் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் நொறுங்கிக் கிடந்தது.

“உன் ஜாக்கிக்கு என்னடா என் இடது கால் மேல அப்படி ஒரு ஆசை?” என்றார். “நல்லவேளை, ஏற்கனவே போனதையே திரும்ப எடுத்துச்சு.”

என் மாப்பிள்ளை சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி சட்டையில் கொட்டியது. டீசலே ஒற்றைக் காலில் தத்தி வந்து, அவர் வாயில் ஊற்றினார்.

பிறகு தோண்டிப் பார்த்தோம். யாருக்கும் நினைவில்லாத காலத்தில் மூடிய கழிவுநீர்க் குழி ஒன்று அந்த மூலையில் இருந்தது. ஜாக்கியும் என் முளையும் அந்தக் குழி மண்ணில் ஒன்றாக நின்று, ஒன்றாகவே இறங்கியிருக்கின்றன. அதனால்தான் கோல் கடைசி வரை 42 காட்டியது. கை நீளம் தள்ளி இருந்த கட்டை அடுக்கு மட்டும் கெட்டி மண்ணில் இருந்தது. எதிர்வீட்டுச் சுவரிலிருந்து கொத்தனார் தன் டியூப்பைப் பிடித்துப் பார்த்தபோது மூலை ஏழு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது.

“அன்னிக்கே சொன்னேன்” என்றார் கொத்தனார்.  அவர் சொன்னது உண்மை.

என் மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, “புக்குல என்ன போட்டிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். நாற்பத்திரண்டு என்றேன். தலையாட்டினார். அந்த வரிகளை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ‘தவறு. முளையும் இறங்கியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இனி அவர் வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். ஆனால் மறுநாளே ஒரு மடக்கு நாற்காலியுடன் போய்க் கட்டடத்துக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தரத்தில் நிற்கும் கட்டடத்தின் அடியில் யாராவது பந்து எடுக்கப் போவார்கள், நாயைத் துரத்திப் போவார்கள் என்ற பயம். விடிந்தால் போவார், இருட்டினால் வருவார். என் தங்கை சோற்றை அங்கேயே கொண்டு போனாள். “இப்படியே போனா கட்டடம் நின்னுடும், இவரு விழுந்துடுவாரு” என்றாள் என்னிடம்.

இருபத்தைந்தாம் நாள் என்னிடம் வந்தார். “ஒண்ணு இறக்கணும், இல்ல நகத்தணும். ரெண்டும் இல்லாம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் மச்சான். டியூப் வாங்குங்க.”

குழியைக் கல் போட்டு நிரப்பினோம். ஜூன் 15இல் மூலையை மறுபடி ஏற்றினார். டீசலை எதிர்வீட்டுச் சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்தால் வேலையை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நான் டியூப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே பின்னே எழுதினேன். ஜூன் 22, ஞாயிறு, உருளைகளின் மேல் டிராக்டர் இழுக்க, 410 மீட்டரும் நான்கு மணி ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. அவர் ஒவ்வொரு உருளைக்கும் பக்கத்திலேயே நடந்தார். அன்று அவர் எதுவும் சாப்பிடவில்லை.

ஜூலை முழுக்கச் செப்பனிடும் வேலை. உளுத்த பலகைகள் மாறின, கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. கதவு மறுபடி இறுகிக்கொண்டது. தச்சர் அதை இழைக்கப் போனபோது என் மாப்பிள்ளை இழைப்புளியைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

“இது கஷ்டப்பட்டுத்தான் திறக்கணும். ஈசியாத் திறந்துச்சுன்னா எல்லாரும் ஓடிடுங்க.”

ஆகஸ்ட் 17இல் திறப்பு. ஊரே உள்ளே இருந்தது. அவர் தொட்டிச் சுவரோரம் நின்று, உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு எண்ணும் சரியான பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு தினமும் இதே வேலை. கட்டடத்தை இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை உள்ளே கால் வைக்க மாட்டேன் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் நகராட்சிக்கு எழுதினேன். முதல் கடிதம் ஆகஸ்ட் 25. ‘கவனிக்கப்படும்’ என்று செப்டம்பர் 18இல் பதில் வந்தது. அக்டோபர் 6இல் மறுபடி எழுதினோம். நவம்பர் 5இல் ஒரு இளம் இன்ஜினியர் வந்து, ஒன்றரை மணி நேரம் பார்த்து, எதுவும் சொல்லாமல் போனார். அடுத்த பதினைந்து நாள் இவர் தூங்கவில்லை. அந்த ஆள் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று மாடிப்படியில் நின்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நகராட்சிக் கடிதம் வந்ததும் படிப்பகத்துக்கு எதிரே போட்டிருந்த அவர்கள் பெஞ்சுக்குக் கொண்டுபோனேன். டீசலும் இருந்தார். கட்டடம் உறுதியாக உள்ளது, பொதுமக்கள் பயன்படுத்தலாம், ஓராண்டு கழித்து மீண்டும் பார்வையிடப்படும். படித்து முடித்தேன்.

“இன்னொரு தடவை படிங்க, மச்சான்.”

படித்தேன்.

“ஒரு வருஷத்துக்குத்தானா?”

“உனக்கு அதுவே ஜாஸ்தி. போடா உள்ள” என்றார் டீசல்.

அவர் எழுந்து போனார். கதவை உதைத்தார். திறக்கவில்லை. இரண்டாவது உதைக்கும் திறக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, “நல்லா இறுக்கமா இருக்கு” என்றார். மூன்றாவது உதைக்குத் திறந்தது. உள்ளே நான்கு நிமிஷம் இருந்தார். வெளியே வந்து கதவை இழுத்து மூடினார், மூடியதை ஒரு முறை தள்ளிப் பார்த்தார்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது: நவம்பர் 20, வியாழன், காலை 11.40.