அணியில் இரண்டாவது இடம்

எனக்குக் குரல் பெரிது. காந்தி மார்க்கெட்டில் இருபது வருஷமாக வெங்காய மண்டி வைத்திருக்கிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்? அதைக் கேட்டுத்தான் என் மகளின் ஸ்கேட்டிங் கோச், போட்டி நாட்களில் மைக்கையும் பாட்டுப் போடுகிற வேலையையும் என் தலையில் கட்டினார். "நீங்க கூப்பிட்டா துறையூர் வரைக்கும் கேக்கும் சார்" என்றார். கேலிதான். எனக்கு என்னவோ பெருமையாக இருந்தது.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்றதும் எல்லோரும் ஐஸ் எங்கே என்று கேட்கிறார்கள். திருச்சியில் ஐஸ் இருப்பது ஜூஸ் கடையில்தான். எங்கள் பிள்ளைகள் நாலு சக்கர ஷூவைப் போட்டுக்கொண்டு சிமெண்ட் தளத்தில் அதையே செய்கிறார்கள். பாட்டுக்கு ஏற்றபடி எம்பிக் குதிப்பது, சுழல்வது, ஒற்றைக் காலில் வளைந்து போவது, எல்லாம் உண்டு. என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் அவள் பழகினால் கீழ்வீட்டுக்காரர் கத்துவார், நான் பதிலுக்குக் கத்துவேன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

போன குளிர்கால ஒலிம்பிக்ஸ் சமயம் அவளும் நானும் ஃபோனில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். நாட்டு அணிக்கு ஆள் எடுப்பது பற்றி அப்போதுதான் சொன்னாள். சில நாடுகளில் தேர்வுப் போட்டியில் முதலில் வந்தவர்தான் நேராக உள்ளே போவாராம். மற்ற இடங்களுக்கு ஒரு கமிட்டி உட்கார்ந்து, அந்த வருஷம் முழுக்க யார் எப்படி ஆடினார்கள் என்று பார்த்து எடுக்குமாம்.

"அப்ப ரெண்டாவது வந்தவ வீட்ல உக்காந்திருப்பா, மூணாவது வந்தவ ப்ளேன் ஏறுவாளா? இது என்ன அநியாயம்?" எனக்கு எகிறிவிட்டது.

"ஒரு நாள் விழுந்துட்டா அவளுக்கு ஆடவே தெரியாதுன்னு ஆயிடுமாப்பா?" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் சண்டை போட்டோம்.

சில மாதம் கழித்து எங்கள் மாவட்ட அணிக்கான தேர்வு நோட்டீஸ் வந்தது. அதிலும் அதே கதை. என் மகள் வயதுப் பிரிவில் மாநிலப் போட்டிக்கு இரண்டு பேர். முதல் மார்க் வாங்குகிறவள் நேராகப் போவாள். இரண்டாவது பெயரை மூன்று பேர் கொண்ட கமிட்டி தேர்வு நாளையும் முந்தைய போட்டிகளையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யும்.

முதல் இடம் யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். கண்டோன்மெண்ட் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளை நெருங்க ஆளில்லை. மிச்சமிருந்த ஒரு இடத்துக்கு என் மகளும் துவாக்குடிப் பெண்ணும். அந்தப் பெண்ணின் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். வாரத்துக்கு மூன்று நாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, ஷூப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மகளைக் கூட்டி வருவார். முந்தைய போட்டி எல்லாவற்றிலும் அவள் என் மகளைவிட ஒரு படி மேலே. என் மகளோ இதற்கு முன் இரண்டு தடவை இந்த அணியைத் தவறவிட்டவள். இந்தத் தடவையும் போனால் விட்டுவிடுவேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேஜையில் என் லேப்டாப், மைக், ஒரு சொம்புத் தண்ணீர். ஒவ்வொரு அப்பா அம்மாவும் வந்து பாட்டு இருக்கிற பெண்டிரைவைக் கொடுத்தார்கள். துவாக்குடிக்காரரும் கொடுத்தார். "புதுசா வெட்டி ஒட்டின பாட்டுங்க சார். நடுவுல கொஞ்சம் மாத்தியிருக்கோம்" என்றார். ஆகட்டுங்க என்று சட்டைப்பையில் போட்டேன். அதே நேரம் மைக் கரகரத்தது, அதைப் பார்க்கப் போனேன்.

அவள் முறை வந்தது. பெயரைக் கூப்பிட்டேன், லேப்டாப்பில் அவள் பாட்டைத் தட்டினேன். பழசுக்கும் புதுசுக்கும் ஆரம்பம் ஒன்றுதான், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பாதியில், அவள் மெதுவாக ஒரு வளைவு எடுக்கிற நேரத்தில், பாட்டு திடீரென்று வேகம் பிடித்தது. அவள் திடுக்கிட்டாள். பாட்டைப் பிடிக்க ஓடினாள், குதித்தாள், விழுந்தாள், எழுந்தாள். நின்றிருந்தால் நடுவர் என்ன ஏதென்று கேட்டிருப்பார். ஆனால் ஆரம்பித்தால் நிற்காதே என்றுதான் எங்கள் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். பாட்டு முடிந்தபோது அவளுக்கு இன்னும் ஒரு சுழற்சி பாக்கி. சத்தமே இல்லாத தளத்தில் அதைச் சுற்றி முடித்து, இரண்டு கையையும் தூக்கி நின்றாள்.

என்னடா இது என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். பெண்டிரைவ் அங்கேயே இருந்தது. போன வருஷம் லேப்டாப்பில் ஏற்றிவைத்த பழைய பாட்டைப் போட்டிருக்கிறேன்!

வாயைத் திறந்தேனா? இல்லை. ஊரையே கூப்பிடுகிற வாய், அன்றைக்குப் பசை போட்டு ஒட்டினது மாதிரி இருந்தது. அடுத்தது என் மகள். அவள் பாட்டை இரண்டு தடவை சரிபார்த்துத் தட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் என்றைக்கும் ஆடாத மாதிரி ஆடினாள். மார்க் வந்தபோது என் மகள் இரண்டாவது, துவாக்குடிப் பெண் மூன்றாவது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நிஜம்.

கமிட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கோச் வெளியே வந்து என்னிடம் முணுமுணுத்தார்: "பழைய ரிசல்ட் பாத்தா துவாக்குடிப் பொண்ணுதான் சார். ஆனா முக்கியமான நாள்ல இப்படிப் பதறிட்டா எப்படி அனுப்பறதுன்னு கேக்கறாங்க. உங்க பொண்ணுக்குத்தான் வரும் போல."

அப்போது அந்த அப்பா என் மேஜைக்கு வந்தார். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது.

"பெண்டிரைவைக் குடுங்க சார். பழைய பாட்டு ஓடிச்சுங்கறா பாப்பா. நான்தான் மாத்தி ஏத்திக் குடுத்துட்டேன் போல."

"கமிட்டிக்கிட்ட சொன்னீங்களா?"

"என்னத்தைச் சொல்றது? தப்பான பாட்டைக் குடுத்தா அது ஆடறவங்க பொறுப்புன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே. அவ இத்தனை நாள் உழைச்சா. நான் ஒரு பாட்டை ஒழுங்காக் குடுக்கல சார். ஒரு பாட்டு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் கேட்கிற மாதிரி அடித்துக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. பயமும் இருந்தது. வீட்டுக்குப் போய் பெண்டிரைவைப் போட்டுப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும். இரக்கம் பாதி, பயம் பாதி, எது முதலில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நீங்க சரியாத்தாங்க குடுத்தீங்க. தப்பு என்னுது" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். அதற்குள் நான் அறைக் கதவைத் தட்டிவிட்டேன்.

உள்ளே மூன்று பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். பாட்டுப் போடுகிற மேஜையின் தப்பு என்றால் மறுபடி ஆட விடவேண்டும் என்று விதி இருக்கிறது. கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்குக் கால்மணி நேரம் ஓய்வு கொடுத்துத் திரும்ப அழைக்கச் சொன்னார்.

திரும்ப நானேதான் மைக்கில் பெயரைக் கூப்பிட்டேன். பெண்டிரைவைச் செருகி, புதுப் பாட்டைத் தட்டினேன். முட்டியில் சிராய்ப்போடு அவள் ஆடினாள். ஆடினாள் என்றால், அப்படி ஒரு ஆட்டம்! பாதியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. அவள் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வாய்விட்டு அழுதார். கமிட்டிக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது காவிரிப் பாலம் வரைக்கும் என் மகள் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். இடம் போன அழுகை என்று நினைத்தேன். பாலத்தின் ஓரமாக நிறுத்தி, "மன்னிச்சுடு பாப்பா. அப்பா பண்ண தப்புக்கு உன் இடம் போச்சு" என்றேன்.

"இடம் அவளோடதுதான். அவ நல்லா ஆடினா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ எப்பப்பா கண்டுபிடிச்ச?"

பொய் சொல்ல வரவில்லை. "அவ ஆடி முடிச்ச உடனே."

"அப்ப நான் ஆடறதுக்கு முன்னாடியே."

"ஆமா."

"மார்க் வந்ததும் நான் அவகிட்டப் போனேன்ப்பா. அழுதுக்கிட்டு இருந்தா. பக்கத்துல உக்காந்து, போட்டின்னா இவ்வளவு டென்ஷன் ஆகக் கூடாதுடி, என்னைப் பாரு, அப்படின்னு அட்வைஸ் பண்ணேன். அவ தலையைத் தலையை ஆட்டினா." என் பக்கம் திரும்பினாள். "நீ மேஜையில உக்காந்து எங்களையேதானே பாத்துக்கிட்டு இருந்த?"

ஆமாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் பெண் எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.