முனியாண்டி யார் என்று நான் கேட்கவில்லை

என் முப்பத்தொரு வருட சர்வீஸில், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வரைக்கும் வந்து, பேனாவைக் கையில் வாங்கி, கையெழுத்துப் போட மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் வாசுகி. மலேசியப் பிரஜை. அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம் நான். ஹோம் லோன் செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொல்கிறார்கள். சாதனைகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன்.

1. ஃபைல்

வாசுகி எங்கள் வங்கியின் பெங்களூரு கிளைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ட்ரெய்னர். மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழர். இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. கார்டில் ஒன்பது வருடமாக இங்கே இருந்தார். தனி ஆள். காக்ஸ் டவுனில் ஒரு சின்ன ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தார்.

"பசியாறிட்டீங்களா மேடம்?" என்றுதான் முதல் பேச்சே ஆரம்பித்தது. நான் விழித்தேன். "டிபன் ஆச்சான்னு கேக்கறேன். எங்க ஊர்ல காலைல இப்படித்தான் கேப்போம்" என்று சிரித்தார்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் ஃபைலைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் தள்ள மாட்டேன். எந்த நாட்டுக்காரருக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும், எவருக்கு வேண்டாம், குடியிருக்க வீடு வாங்கலாம், விவசாய நிலம் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

"வாடகைக்கே இருந்துடலாமே, ஏன் இந்தத் தொல்லை?" என்று கேட்டேன்.

"ஒம்பது வருஷத்துல ஆறு வீடு மாறிட்டேன் மேடம். வெளிநாட்டு ஆள் குடி வந்தா வீட்டுக்காரர் ஆன்லைன்ல எழுதிக் குடுக்கணும். போலீஸ் விஷயம்னு பயந்துடறாங்க. ஒருத்தர் அட்வான்ஸ் வாங்கின அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டாரு. என்னைப் பத்தி யாரும் எழுதிக் குடுக்க வேண்டாத வீடு ஒண்ணு வேணும். அவ்ளோதான்."

எங்கள் விதிப்படி அறுபது வயதுக்குள் கடன் முடிய வேண்டும். சில மாதம் தள்ளிப்போனாலும் மாதத் தவணை அவர் சம்பளத்துக்குள் அடங்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேகமாக வேலை பார்த்தேன். அந்த வேகத்தில்தான் தப்பும் நடந்தது.

பாஸ்போர்ட்டில் அவர் பெயர் 'வாசுகி ஏ/பி முனியாண்டி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. நடுவில் இருந்த சாய்கோட்டை எங்கள் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. ஏ.பி. என்பது முனியாண்டியின் இனிஷியல் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கட்டத்தில் 'தந்தை / கணவர்' என்று இரண்டு பெட்டிகள். ஐம்பது தாண்டிய பெண் என்றால் என் விரல் தானாகவே 'கணவர்' மேல் போய் நிற்கும். தனி ஆள் என்று அவர் சொன்னதைக் கணவர் தவறிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். முனியாண்டி யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.

2. கோம்

வீட்டை விற்றவர் ஓய்வுபெற்ற தெரசா டீச்சர். பதிவு நாளன்று இரவே மகனோடு இருக்க ஆஸ்திரேலியா புறப்படுகிறார். அதனால் அந்த ஒரு நாளை விட்டால் வேறு நாள் இல்லை. பத்திரத்தை எங்கள் வக்கீல் நாகராஜ், நான் அனுப்பிய விவரத்தை வைத்துக் கன்னடத்தில் தயாரித்திருந்தார். வாசுகிக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆங்கில மொழிபெயர்ப்பை முன்கூட்டியே அவருக்கு அனுப்ப வேண்டியது என் வேலை. போனில் சாராம்சம் சொல்லி முடித்துக்கொண்டேன்.

பதிவு ஆபீஸ் கிளார்க் பெயர்களைச் சத்தமாக வாசித்தார். முதலில் 'தெரசா கோம்' என்று தொடங்கி டீச்சருடைய கணவரின் பெயர். பிறகு, "வாசுகி கோம் முனியாண்டி."

பேனாவை வாங்கிய வாசுகி நிமிர்ந்தார். "மேடம், கோம்னா என்ன? டீச்சரோட வீட்டுக்காரர் பேருக்கு முன்னாடியும் அதையேதானே படிச்சாரு?"

நான் வாய் திறப்பதற்குள் கிளார்க்கே பதில் சொன்னார்: "கோம் அந்த்ரே ஹெண்டத்தி. பொண்டாட்டிம்மா."

"முனியாண்டி எங்கப்பா" என்றார் வாசுகி. "ஏ/பின்னா மலாய்ல அனாக் பெரெம்புவான். மகள்னு அர்த்தம்."

நாகராஜ் வாட்ச்சைப் பார்த்தார். "சின்ன மிஸ்டேக்தாம்மா. இப்ப சைன் பண்ணிடுங்க. அப்புறமா திருத்தல் பத்திரம் ஒண்ணு போட்டுக்கலாம்."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நானும் சொன்னேன். "ஆமாம்மா, சின்ன விஷயம்தான். போடுங்க, நான் பாத்துக்கறேன்." என் சர்வீஸில் நான் திரும்பப் பெற விரும்பும் வாக்கியம் அதுதான்.

வாசுகி கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவரு மேடம். கோயில்ல தாலி கட்டினாங்க, பதிவு பண்ணலை. அதனால என் சூராவுல, அதான் பர்த் சர்டிபிகேட், அப்பா பேர் இருக்கற எடத்துல தகவல் இல்லைன்னு போட்டுட்டாங்க. கூடவே இருக்கற மனுசனை இல்லைன்னுட்டாங்க. மூணு வருஷம், வேலைக்கு லீவு போட்டுப் போட்டு, ஆபீஸ் ஆபீஸா நின்னாரு. எனக்குப் பன்னெண்டு வயசுலதான் ஏ/பி முனியாண்டின்னு வந்துச்சு. அந்தத் தாளை எனக்கு வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு, அவருக்குப் படிக்கத் தெரியாது. இப்ப அவர் இல்ல. அவரை என் புருஷன்னு எழுதி, அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமா?"

தெரசா டீச்சர்தான், "வேணாம்மா, போடாதே" என்றார்.

திருத்தி மறுபடி ஆன்லைனில் ஏற்ற வேண்டும், அதற்குத் தப்பு யாருடையது என்று வங்கியின் கடிதம் வேண்டும் என்றார்கள் பதிவு ஆபீஸில். மேனேஜருக்கு போன் செய்தேன். "லலிதா மேடம், ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. உங்க பேர்ல எழுதாதீங்க. சிஸ்டம் எரர்னு எழுதுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, பிழை என்னுடையது, விசாரிக்காமல் குறித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். திருத்திய விண்ணப்பத்தை மூன்று மணிக்கு ஏற்றினோம். ஒப்புதல் வரவில்லை. நாலரை மணிக்கு டீச்சரை அழைத்துப் போக டாக்ஸி வந்துவிட்டது. போகும்போது வாசுகியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆஸ்திரேலியாவிலிருந்து பவர் ஆஃப் அட்டர்னி அனுப்பச் சொன்னோம். மறுபடி வங்கி வழியாக வேண்டாம் என்று டீச்சரின் மகன் ஒப்புக்கொள்ளவில்லை. அதே பில்டிங்கில் ஒருவர் கடன் இல்லாமலே வாங்கத் தயாராக இருந்தார், அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வீடு பார்ப்பதற்குள் வாசுகிக்குக் கொடுத்திருந்த கடன் சாங்ஷன் காலாவதியானது. புதிதாகப் போட்டால் தவணைக்கு அவர் சம்பளம் எட்டவில்லை. நான் மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டவே இல்லை.

3. மாடி போர்ஷன்

மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாசுகி மட்டும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

எட்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். குடியிருந்த வீட்டுக்காரர் மறுபடி காலி செய்யச் சொல்கிறாராம். தெரிந்த இடம் ஏதாவது உண்டா என்று கேட்டார். மல்லேஸ்வரத்தில் எங்கள் மாடி போர்ஷன் அப்போது காலியாக இருந்தது. "நாளைக்கே வாங்க" என்றேன்.

இனி நீங்கள் கேட்ட பாடத்துக்கு வருகிறேன். விதிகளைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு எல்லா விதியும் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது எதிரே இருந்த ஒரு மனுஷியின் அப்பா பெயர். பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் வந்தால், இவர் உங்களுக்கு யார் என்று கேளுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

வாசுகி குடிவந்த அன்று, வெளிநாட்டவர் தங்கும் தகவலை எழுதிக் கொடுக்க வேண்டிய வீட்டுக்காரி நான்தான். லேப்டாப்பைத் திறந்தேன். பெயர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் போட்டுவிட்டு நின்றேன். அவர் கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாசுகி, முனியாண்டி உங்களுக்கு யாரு?"

அவருக்குத் தெரியும், எனக்கு விடை தெரியும் என்று. விரிப்பைக் கையில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பா, அக்கா."

தந்தை முனியாண்டி என்று அடித்து, ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாத வீட்டைத்தான் அவர் என்னிடம் கேட்டு வந்தார். நான் எழுதிக் கொடுக்கிற வீட்டில் இருக்கிறார்.