ஒய்.பி. வீட்டு வரிசை

வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வழி சொல்லிப் பிழைக்கும் என் இனத்தாரே, நம் தொழிலில் கஷ்டம் இரண்டுதான்: ஆள் வராமல் இருப்பது ஒன்று, ஆள் வருவது இன்னொன்று.

நான் பார்த்துக்கொள்ளும் வீடு கோலசிலாங்கூரில் இருக்கிறது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஒருவர் வாழ்ந்த பழைய வீடு. சட்டமன்ற உறுப்பினரை நாங்கள் ஒய்.பி. என்போம். அவர் காலமான பிறகு, மகள் அதை மக்கள் பார்ப்பதற்காகத் திறந்துவிட்டு, ரவாங் தொழிற்சாலையில் வேலை போய் நின்ற என்னை அமர்த்தினார். அவர் இருப்பது கோலாலம்பூரில். எங்களுக்குள் போன் பேச்சு மட்டும்தான். இந்த ஆண்டு தொடக்கத்தில் அழைத்தார். சமையல் குத்தகைக்காரர் ஒருவர் வீட்டை வாடகைக்குக் கேட்கிறாராம். “யாரும் வராத வீட்டத் தொறந்து வச்சு என்னக்கா செய்யிறது? தீபாவளி வரைக்கும் பாப்போம்” என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, ஒரு வேளை மட்டும் இறங்கவில்லை.

ஏசி யாருக்கு?

புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு மாணவர்கள் வந்தார்கள். ஏதோ அசைன்மென்டாம். இரண்டு வாரமாக ஈயைத் தவிர யாரையும் பார்க்காத நான், மனப்பாடம் செய்ததை எல்லாம் கொட்டினேன். ஒரு பையன் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஆண்டி, சீரியஸா ஒய்.பி. இங்கதான் தூங்குனாரா?” என்றான். ஆண்டி என்றதை மன்னித்துவிட்டேன்.

ஒற்றைக் கட்டில், மேசை விசிறி, அவ்வளவுதான் அந்த அறை. பெரிய அறையை, தன்னைப் பார்க்கக் காத்திருக்கிறவர்களுக்கு விட்டுவிட்டார். முதல் பஸ்ஸில் தோட்டத்திலிருந்து வருகிற ஜனங்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டின் ஒரே ஏசியும் அங்கேதான். பையன் அந்த ஏசியைச் சற்று நேரம் பார்த்தான். சரித்திரம் உள்ளே இறங்கிவிட்டது என்று பூரித்துப் போனேன். “எங்க யூனில லெக்சரர் ரூம்ல மட்டுந்தான் ஏசி வேல செய்யுது லா!”

விளக்கு கேட்டு வந்தவர்

அதற்கடுத்த வாரம் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார், நான் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினார், பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் அடையாள அட்டையின் நகல். லயத்து வீடுகளுக்குப் போகிற பாதையில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லையாம். பக்குவமாகச் சொன்னேன்: அம்மா, ஒய்.பி. இறந்து வருஷம் பல ஆகிவிட்டது, இது இப்போது பார்வைக்கு வைத்திருக்கிற வீடு.

அவர் என்னைத்தான் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார். “தெரியும் தங்கச்சி, பொணம் எடுப்புக்கே வந்தேன். அவரு செத்தா என்னா, ஆபீஸு தொறந்துதானே இருக்கு?”

கண்ணாடிக்குள் ஒரு சாப்

நான் செய்த தப்பு, மாவட்ட மன்றத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தது. அதைவிடப் பெரிய தப்பு, விளக்கு எரிந்தது. தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. விண்ணப்பப் பாரம் நிரப்ப ஒருவர், பென்ஷன் கேட்டு ஒருவர், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் ஒருவர் என்று சனிக்கிழமை தவறாமல் பெஞ்சு நிறைந்தது. மகள் தந்தது பார்வைக்கு. நான் நடத்துவது ஆபீஸ். தெரிந்தால் தீபாவளி வரைக்கும்கூட விடமாட்டார். ஆனாலும் வந்தவர்களை எப்படி விரட்டுவது? எனக்கு மனசு வரவில்லை.

சுங்கை சோவிலிருந்து வந்த லோரிக்காரர் ஒருவருக்கு மகன் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டும். ஐயா, கடிதம் எழுத உதவுகிறேன், சிபாரிசு செய்ய நான் யார் என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒய்.பி.யின் ரப்பர் முத்திரை, எங்கள் பேச்சில் சாப், பட்டுத் துணியில் படுத்திருந்தது. நான்தான் வாரா வாரம் துடைத்து அழகாக வைப்பேன். அவர் முகம் மலர்ந்தது. “அந்தா சும்மாதானே கெடக்கு, எடுத்து ஒரு சாப் அடிச்சுக் குடுங்கம்மா, வெளிய யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

வரிசையில் கடைசி ஆள்

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பெஞ்சில் ஆறு பேர். நான் பிறப்புப் பத்திர பாரத்தில் தலையை விட்டிருந்தேன். கடைசியாக உள்ளே வந்த ஒரு பெண் நேராக என்னிடம் வரப் பார்த்தார். “வரிசயா ஒக்காரு ஆயி, நாங்கல்லாம் காலையிலேர்ந்து இருக்கோம்” என்று பெஞ்சிலிருந்த ஒருவர் அதட்டினார். அந்தப் பெண்ணும் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம்.

அவர் முறை வந்தது. நான் தலை நிமிராமலே, “ஐ.சி. கொண்டாந்தீங்களா?” என்றேன். மேசைமேல் அடையாள அட்டையை வைத்தார். பெயரைப் படித்தேன். அப்பா பெயர் இருக்கும் இடத்தில், வாசல் பலகையில் நான் தினமும் துடைக்கிற பெயர். கட்டிய கயிறு எங்கே, நடத்துகிற ஆபீஸ் என்ன, எதற்கு முதலில் மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

அவர் உட்காரச் சொன்னார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. “ரிப்போர்ட் கார்டுல அப்பா கையெழுத்து வாங்க நானும் இப்பிடித்தான்க்கா ஒக்காந்திருப்பேன், ஒரு நாளும் என்னய முன்னுக்கு விட்டதில்ல. வாடகைக்குக் கேட்டவர வேற எடம் பாக்கச் சொல்லிடுறேன்.”

ஆக என் வேலை நிலைத்துவிட்டது. அது என்ன வேலை என்று யாராவது கேட்டால்தான் இன்னும் சொல்லத் தெரியவில்லை.